பத்து கிராம்

நாற்பத்தொரு பக்கம் அந்த ஆய்வு.
டர்பனில் குளிரூட்டிய அரங்கத்தில் வாசித்தார்கள்.
கைதட்டியதாகக் கேள்வி.
கால் கொடுத்தவர்கள் இங்கே,
டொங்காட் கிளினிக்கின் பின்பக்கத்தில்
இரண்டு குளிர்காலம்
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நின்றவர்கள்.
நான் அவர்களுக்கு எண் எழுதியவள்.

முப்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு வரி:
சர்க்கரைக்காரர் பாதத்தை
நைலான் இழையால் பத்து இடத்தில் தொட்டுப் பார்த்தால்
வெட்ட வேண்டிவரும் கால்கள் பலவற்றை
முன்னதாகவே காப்பாற்றலாம்.

ஆய்வு முடிந்த அன்று
இழைகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கி
எடுத்துப் போய்விட்டார்கள்.
வரி மட்டும் தங்கிவிட்டது,
விருந்தாளி மறந்துபோன குடை மாதிரி.

மனு எழுதினேன்.
அடுத்த நிதியாண்டு என்று பதில் வந்தது.
அடுத்த நிதியாண்டும் அதையே சொன்னது.
அதற்குள் மூன்று கட்டைவிரல்,
ஒரு முழங்கால்.

சிஸ்டர் நொன்டொபேக்கோதான் கேட்டாள்:
"உன் அண்ணன் எதை வைத்து மீன் பிடிக்கிறான்?"

ஷாட் மீனுக்கு வீசும் தூண்டில் நரம்பு.
எங்கள் வீட்டில் பிழைத்துக் கிடக்கும்
நாலைந்து தமிழ்ச் சொற்களில் அது ஒன்று.
செத்த நரம்பைக் கண்டுபிடிக்க
கடையில் வாங்கிய நரம்பு.

சமையல் தராசில் நுனியை ஊன்றி அழுத்தினோம்.
ஏழு கிராமில் வளைந்தது.
நகக்கண் அளவு வெட்டினோம்.
எட்டு.
குட்டையாக ஆகத்தான் விறைப்பு கூடும் என்பது
எங்கள் இரண்டு பேருக்குமே புதுசு.
பத்தில் வளைந்தபோது
சிஸ்டர் சூலுவில் என்னவோ கத்தி
என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.
ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டி முப்பது செய்தோம்.
அண்ணன் காசு கேட்டான். கொடுத்தோம்.

தவநாதன் படையாச்சி பெரிய வெள்ளியன்று தீ மிதித்தவர்.
செவ்வாய்க்கிழமை மாத்திரைக்கு வந்தார்.
"இருபத்தாறு வருஷமா மிதிக்கிறேன்,
இந்த வருஷம் மாதிரி இல்லம்மா.
பூவுல நடந்தாப்ல.
அம்மா எறங்கி வந்து குளுர வச்சுட்டா."
கண் கலங்கியிருந்தது.
வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பேர்
அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

கண்ணை மூடுங்க, தொடும்போது சொல்லுங்க என்றேன்.
பெருவிரல்.
சிறுவிரல்.
நரம்பு வளைந்தது, பத்து கிராம்.
குதிகால்.
சமர்த்துப் பையன் மாதிரி
இமைகளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார்.
பிறகு கேட்டார்:
"ஆரம்பிச்சிட்டியா?"

பத்தாவது இடத்தையும் தொட்டு முடித்திருந்தேன்.
இடது பாதத்தின் குழிவில்
ஒரு கரித்துண்டு, இன்னும் உள்ளே.
சுற்றிலும் ஈரம்.

அன்று ராத்திரி நாற்பத்தொரு பக்கத்தையும் புரட்டினேன்.
இதை எப்படிச் சொல்வது என்று
அடிக்குறிப்பில்கூட இல்லை.

சிஸ்டர் உப்புநீரில் கழுவிக்கொண்டிருந்தாள்.
அவர் கூரையைப் பார்த்துக் கேட்டார்,
"அப்ப, அம்மா வரலையா?"
வந்திருப்பாங்க, என்றேன்.
உங்க காலுக்குத்தான் தெரியல.

வெகுநேரம் பேசவில்லை.
கட்டுப் போட்டதும் செருப்பைக் குனிந்து பார்த்தார்,
உள்ளே கல் கிடக்கிறதா என்று
கையை விட்டுத் துழாவினார்.
நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்த வியாழன்
கோயில் கமிட்டியில் பதினொரு பேரோடு வந்தார்.
ஏழு பேர் வரை எழுதிக்கொண்டே போனேன்.
எட்டாவது ஆள்,
குதிகாலில் தொட்டதும்
கூச்சம் தாங்காமல் காலை இழுத்துக்கொண்டு
சிரிசிரியென்று சிரித்தார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதி வைத்தேன்:
சிரித்தார்.