நுப்புலி

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
லேபிள் வடிவமைக்கும் கடை.
அப்போது எனக்கு மாதம் பதினோராயிரம்.
பேரணாம்பட்டு ரோட்டில் சோப்புக் கம்பெனி போடவிருந்த குணசீலன்
ஒரு மத்தியானம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
"இன்னா பேரு வெக்கலாம்மா,
வாய்ல ஒட்டிக்கினா வுடக் கூடாது" என்றார்.

மேசைக்கடியில் ஒன்றரை வயது ரூபி
மவுஸ் வயரைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
அன்று காலை குளிப்பாட்டும்போது
கையில் வழிந்த நுரையைக் காட்டி
ஒரு சொல் சொல்லியிருந்தாள்.
வாய் தவறி
அதை நான் சொல்லிவிட்டேன்.

நுப்புலி.

அவர் மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்.
பில்லில் படத்துக்கு எண்ணூறு.
பேருக்கு ஒரு டீ.

ஆறு வருஷம்.
சித்தூர் வரை போகிறது நுப்புலி.
ஷேர் ஆட்டோ முதுகில்,
பெட்டிக்கடையில் தொங்கும் ஐந்து ரூபாய்ச் சரத்தில்.
கடைசி எழுத்தின் தோளில் கொசு உட்கார்ந்தது போல
வட்டத்துக்குள் ஓர் ஆர்.

சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில் வக்கீல் தஸ்லீமா
சோப்பு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இந்தக் குமிழி நீ வரைஞ்சதா?
சம்பளத்துக்கா? அப்ப அது உன் முதலாளியோடது.
படத்துக்குக் காப்பிரைட் இருக்கு,
வரைஞ்சவங்க செத்தும் அறுபது வருஷம்.
பேருக்குக் கெடையாது.
ஒத்தைச் சொல்லைப் படைப்புன்னு சட்டம் ஒத்துக்காது.
கவிதைன்னா கொண்டா, பாக்கலாம்."

"பேரு யாருதுங்க அப்ப?"

"அது டிரேட்மார்க்.
யாரு பெத்ததுன்னு கேக்காது.
யாரு பேர் சொல்லி விக்கிறாங்க,
சனம் யாரை நெனச்சு வாங்குது,
அதான் கேக்கும்.
பத்து வருஷத்துக்கொரு தடவை புதுப்பிச்சா
உலகம் முடியிற வரைக்கும் அவருதே."

ஃபீஸ் வாங்கவில்லை.
நான் செருப்பு மாட்டும்போது, ஆறுதலுக்கோ என்னவோ,
"ஒண்ணு இருக்கு" என்றார்.
"அஞ்சு வருஷம் புழங்காம போட்டு வெச்சா
பேரை நீக்கச் சொல்லி மனு போடலாம்,
பாதிக்கப்பட்டவங்க."

பள்ளிகொண்டா தாண்டிப் பாலத்தில் பஸ் ஏறியது.
கீழே மணல், சீமைக்கருவேலம், யாரோ காயவைத்த புடவை.
பாலாறு என்று பலகை மட்டும்
புதுப் பெயின்ட்.
அதற்கு யாரும் மனு போடவில்லை.

சாயங்காலம் ரூபி தானே குளித்தாள்.
மூன்றாம் வகுப்பு. நான் உள்ளே வரக் கூடாதாம்.
கதவிடுக்கில் கேட்டேன், "கையில அது என்னடி?"
"சோப்பு நுரைம்மா."
"சின்னதில வேற என்னமோ சொல்லுவியே."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, உறையைப் பார்த்து எழுத்துக்கூட்டி,
"நு... நுப்... நுப்புலி.
இது கம்பெனி பேரும்மா."

எந்த மாதத்தோடு நிறுத்தினாள் என்று
விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.
கண்ணெரியுது என்று உள்ளேயிருந்து கத்தினாள்.
கதவைத் தள்ளிக்கொண்டு போய்
தலையில் தண்ணீர் ஊற்றினேன்.