முப்பத்தேழு

மல்லாவியில் இன்று மின்சாரம் மூன்று தரம் போய் வந்தது.
ஒவ்வொரு தரமும் சின்னக் கண்ணாடியில்
அதே வரி எழுந்து நின்றது:
பற்றரி குறைவு.

எண்பத்தாறில் செய்த பெட்டி.
பதினாறு றப்பர் பொத்தான்.
பன்னிரண்டு பிட்டில் குத்திய முரசு,
குத்தரிசி போல
ஓசையில் கொஞ்சம் உமி.
மாட்டுமணிக்கு ஒரு பொத்தான்;
இந்த ஊர் மாடு எதுவும் அப்படிக் கிலுங்கியதில்லை.
கைதட்டலுக்கு ஒன்று,
அமத்தினால் பத்துப்பேர் தட்டுவார்கள்.
எங்கள் கச்சேரிகள் சிலவற்றில்
அந்தப் பத்துப்பேர்தான் தட்டினார்கள்.

பாதை திறந்திருந்த காலத்தில்
ஜேர்மனியிலிருந்து றெஜினோல்ட் மச்சான்
சாரங்களுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தான்.
ஓமந்தையில் இறக்கி
அடித்துக் காட்டச் சொன்னார்களாம்.
அடித்துக் காட்டினான்.
வரிசையில் நின்ற குழந்தையொன்று ஆடியது.
போகவிட்டார்கள்.

நூறு தாளம் அதற்குள் போட்டுவைக்கலாம்.
தொண்ணூற்றொன்பது என்னுடையவை.
விரல் தவறினாலும் பெட்டி பிடித்திழுத்து
கிட்டவுள்ள கட்டத்தில் இருத்திவிடும்.
அதற்குக் குவான்ரைஸ் என்று பெயர்.
நாங்கள் வாத்தியார் என்றோம்.

முப்பத்தேழு மட்டும் அல்போன்சினுடையது.
வாத்தியாரை நிற்பாட்டிப்போட்டு அடித்தான்.
நாலாவது தட்டு அவனுக்கு எப்போதும் பிந்தும்,
ஒத்திகைக்கு, பஸ்ஸுக்கு, சோற்றுக்குப் பிந்துவதுபோல.
மாங்குளம் சந்திக்கும் ஒருநாள் பிந்தினான்.
அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

இரண்டாயிரத்து ஆறு ஆடியில் பெட்டி வாய்திறக்கவில்லை.
வவுனியாவில் றவூப் கடையில் கொடுத்தேன்.
"வாற கிழமை வாங்கோ."
ஆவணியில் பாதை பூட்டினார்கள்.
பழுதில்லாத கீபோட், பழுதில்லாத அம்பிளிபயர்,
ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு
எங்களோடு வெளிக்கிட்டன.
வழியில் ஒவ்வொன்றாய் இறங்கிக்கொண்டன.
நாலு வருடம் கழித்து
மடிப்பில் கிழிந்த துண்டை நீட்டினேன்.
றவூப் அதைத் திருப்பிப் பார்த்தார்.
"முந்நூற்றம்பது" என்றார்,
பழைய விலை.

உள்ளே, ஒரு குற்றிக்காசு அளவில்,
ஈயத்தால் ஒட்டிய பற்றரி.
கழற்றினால் நூறும் போய்விடும்.
தொண்ணூற்றொன்பதைக் கொப்பியில் எழுதிவிட்டேன்,
பதினாறு கட்டம் கீறி, புள்ளி குத்தி.
முப்பத்தேழை எழுத முடியவில்லை.
பதின்மூன்றாம் கட்டத்துக்கும் பதினாலாவதுக்கும் நடுவில்,
கோட்டின் மேல் விழுகிறது அவன் தட்டு.
கோட்டுக்கு இலக்கம் இல்லை.

நோர்வேக்கு எடுத்துக் கேட்டேன்.
வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தான்.
"நான் சரியாத்தான் அடிச்சனான்.
மெஷின் பிழை."

மின்சாரத்தை நம்பேலாது.
மோட்டார்சைக்கிள் பற்றரியில் கொழுவி,
பெட்டி உயிரோடு இருக்க,
மூடியைக் கழற்றி ஈயம் உருக்குகிறேன்.
முப்பத்தேழு ஓடுகிறது.
தெருவில் நெல்மூட்டையோடு ஒரு லாண்ட்மாஸ்டர்
தன்பாட்டில் இன்னொரு கணக்கு எண்ணிப் போகிறது.
பழைய பற்றரி ஒரு காலை விட்டது.
மற்றக் காலையும் விட்டது.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
குறடு நடுங்குகிறது.

வந்தது.
பிந்தித்தான்.

சாமத்தியவீட்டுக்கு ஸ்பீக்கர் கேட்டு வந்த பெடியன்
கதவடியில் நின்று காது கொடுத்தான்.
"அண்ணை, உங்கட மெஷின் பிழையா அடிக்குது."

ஓம் என்றேன்.
சத்தத்தைக் கூட்டினேன்.