மூன்றாவது சாவி

ஜெனீவா, ஏழாம் மாடி.
ஏரி இன்று மேகத்துக்குள்.
ஆயத்தநிலைத் தாளில்
சுழியம் முதல் ஐந்துவரை
மதிப்பெண் போடுவது என் பிழைப்பு.

மின்சாரம்?
"மழை பெய்தால் இரண்டு," என்றார் சிக்கோண்டி,
மலாவியில் ஒரு மாவட்டக் கொள்முதல் அதிகாரி.
சர்வர்?
"வந்துவிட்டது. அட்டைப்பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை."
இப்போது எப்படித் திறக்கிறீர்கள் டெண்டரை?
"இரும்புப் பெட்டி. மூன்று பூட்டு. மூன்று பேர்."

சொல்லிக்கொண்டே பைக்குள் பேனா துழாவிய கை
நின்றது.
மெதுவாக மேசைமேல் வைத்தார்,
சிவப்பு நூல் கட்டிய ஒரு சாவியை.

அங்கே மணி இரண்டு.
பாலத்துக்கு விலை எழுதிய பதினோரு உறைகள்
பெட்டிக்குள்;
பெட்டியைச் சுற்றி ஒப்பந்தக்காரர்கள்.
அவர் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

அடுத்தது கேள்வி பதினான்கு:
எங்கிருந்தும் திறக்க முடியுமா?
நான் அதை வாசிக்கவில்லை.