நான்காம் வரிசை

ரெக்ஸ்டேலில் ஒரு பாண் தொழிற்சாலை.
பாண் என்று பேச்சுக்குச் சொல்கிறேன்,
பர்கருக்குப் போகிற எள்ளுப் பணிஸ்.
நிமிடத்துக்கு நூற்றெண்பது,
எட்டு வருடமாக என் கண்ணுக்கு முன்னால் ஓடியது.
கருகினது, சப்பளிந்தது,
எள்ளு ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் மொட்டையானது,
கை தானாகப் போய்த் தட்டிவிடும்.
நான் வேறெங்கோ இருப்பேன்:
வாடகையில், மகனின் பல்லுக் கம்பியில்,
நேற்று ஒருத்தி பேசிய பேச்சுக்கு
இன்று கண்டுபிடித்த பதிலில்.

தட்டியவை நீலப் பெட்டிக்குள் விழும்.
பெட்டி பன்றிப் பண்ணைக்குப் போகிறதாம்,
மரிவிக் சொன்னாள். போகட்டும்.
பன்றி எள்ளை எண்ணுவதில்லை.

மார்ச்சில் இரண்டு பேர் வந்தார்கள்.
தலைவலை போடத் தெரியவில்லை,
காதுகள் வெளியே நின்றன.
எனக்கு மேலே ஒரு கமரா பூட்டினார்கள்,
கைக்கருகே ஒரு பொத்தான்.
தட்டும் முன் அழுத்த வேண்டும்.
அழுத்தாததெல்லாம் நல்லது.
"வழக்கம்போலப் பாருங்கள்," என்றான் இளையவன்,
"அது உங்களைப் பார்த்துப் பழகும்."

ஆறு கிழமை.
நான் பிழை என்றது அதற்கும் பிழை.
ஒரு புதன்கிழமை,
மகனுக்குக் காய்ச்சல், இரவு முழுக்க நித்திரையில்லை,
கண் எரிய எரிய
நல்லதையும் தட்டிக்கொண்டே இருந்தேன்.
ஒருவரும் கேட்கவில்லை.
அது படித்துக்கொண்டது.

ஏழாம் கிழமை தனியாகப் பார்க்கத் தொடங்கியது.
தட்டக் கை வேண்டாம், ஒரு குழாய்
புஸ்ஸென்று ஊதித் தள்ளும்.
நிமிடத்துக்கு முந்நூறு.
ஆறு பேரில் நாலு பேருக்குக் கடிதம்.
மரிவிக் வேலைச் சப்பாத்தைக் கழற்றி
குப்பையில் போடுவதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று
கையில் பிடித்தபடி நெடுநேரம் நின்றாள்.
அந்த மாதம் கடையில் விலை பார்த்தேன்:
எட்டுப் பணிஸ் கொண்ட பை
பத்துச் சதம் கூடியிருந்தது.

எனக்கு வேலை உண்டு. சந்தோஷப்படச் சொன்னார்கள்.
மணிக்கு ஒரு தடவை ஏணியில் ஏறி
அதன் கண்ணில் படியும் மாவைத்
துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்,
பிள்ளைக்குப் பீளை துடைப்பதுபோல.
வரிசை நிற்காது.
துடைக்கும்போது திரையில் என் முகம் பெரிதாக வரும்.
பச்சைச் சதுரம் நெற்றியில் அலையும்,
மூக்குத்தியில் தடுக்கும்,
சிவக்கும்.
கீழே குழாய் ஊதும்.
அந்த நொடியில் அவ்விடம் வந்த ஏதோ ஒரு பணிஸ்
ஒரு குற்றமும் செய்யாமல்
நீலப் பெட்டிக்குள் போகும்.

ஃபிஞ்ச் பஸ்ஸில், பின் சீற்றில்,
ஏறுகிற ஒவ்வொரு முகத்துக்கும்
என் பெருவிரல் அசைகிறது.
கையுறைக்குள் மடக்கி வைத்துக்கொள்கிறேன்.

போன கிழமை அந்த இரண்டு பேரும் திரும்ப வந்தார்கள்.
சில நேரம் அது
நல்ல பணிஸை வரிசையாக ஊதித் தள்ளுகிறதாம்,
ஐம்பது, அறுபது,
பிறகு தானாகச் சரியாகிவிடுகிறதாம்.
வெளிச்சமா, வெப்பமா, மாவா என்று
மடிக்கணினியைத் திறந்து வைத்துத் தேடினார்கள்.
இந்த முறை தலைவலை சரியாகப் போட்டிருந்தார்கள்.

நான் ஏணியில் நின்றேன்.
எனக்குத் தெரியும் அது எந்த நாள் என்று.
துணியை நாலாய் மடித்து
மறுபடி துடைத்தேன்.