முப்பத்தொன்றாம் எண் கோழி

கலோச்சாவில் செப்டம்பர்.
சுவருக்குச் சுவர் மிளகாய்ச் சரம்.
ஆலையில் அரைத்தது போக மிஞ்சிய
தோலும் விதையும்
மூட்டை மூட்டையாய் எங்களிடம் வரும்,
கோழிகளுக்கு.

எரியாதா என்று கேட்காத விருந்தாளி இல்லை.
எரியாது.
பறவை நாக்குக்கு இந்தக் காரம் உறைக்காது.
எரிவது எனக்குத்தான்.
தீவனம் கலந்த கையால் கண்ணைத் தொட்டால்
அன்றைய வேலை போச்சு.

இடது கொட்டகையில்
நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ மிளகாய்.
வலதில் கோதுமை, சோயா, சுண்ணாம்பு, அவ்வளவே.
ஆறு வாரமாயிற்று.
முட்டை எடை ஏறவில்லை.
ஓட்டின் தடிமன் மயிரிழைகூட மாறவில்லை.
நிறம் மட்டும்,
வண்ண விசிறியைப் பக்கத்தில் பிடித்தால்,
ஐந்திலிருந்து பதிமூன்றுக்குத் தாவியிருக்கிறது.
மஞ்சள் கரு என்று எழுதப் போகும்போது
பேனா கொஞ்சம் தயங்குகிறது.

சிவந்ததில்தான் ருசி என்று
அடித்துப் பேசினாள் கடைக்காரி எத்தெல்கா.
கண்ணைக் கட்டி ஊட்டினேன்.
வெளிறியதைச் சப்புக்கொட்டி
இதேதான் என்றாள்.
விலையை மட்டும் குறைக்கவில்லை.

முப்பத்தொன்று வலது கொட்டகைக்காரி.
அவள் முட்டையை இன்று அவித்து அறுத்தேன்.
வெளிறிய வட்டத்துக்குள்
நூல் கனத்தில் ஒரே ஒரு சிவப்பு வளையம்.
கரு ஒரே நாளில் நிறைவதில்லை.
அன்றன்று தின்றதை
அன்றன்று சுற்றிக்கொண்டே போகும்,
மரம் வருடங்களைச் சுற்றிக்கொள்வது மாதிரி.

ஓரத்திலிருந்து உள்நோக்கி எண்ணினேன்.
வெள்ளைக்கும் ஓட்டுக்கும் ஒரு நாள் சேர்த்தேன்.
வந்து நின்றது
போன செவ்வாய்க்கிழமையில்.

செவ்வாயன்று
முற்றத்தில் நின்று வெண்டல் சொன்னான்:
கிராட்ஸ் பக்கம் பன்றிப் பண்ணையில் வேலை கிடைத்திருக்கிறது,
மாதக் கடைசியில் கிளம்புகிறேன்.
நல்லது என்றேன்.
இரண்டு தடவை சொன்னேன் போலிருக்கிறது.
கொட்டகையின் பூட்டு என் கையில் இருந்தது.
அவன் போன பிறகும்
வெகுநேரம் கையிலேயே இருந்தது.

அந்த நேரத்தில்தான்
முப்பத்தொன்று வெளியே நடந்து,
சாக்கில் காயப்போட்டதைக் கழுத்துவரை தின்று,
ஒன்றுமே நடக்காததுபோல்
திரும்பி வந்து
குச்சியில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

பதிவேட்டில் எழுதினேன்:
எண் 31. கணக்கில் சேர்க்க வேண்டாம்.
காரணம் என்ற கட்டத்தில்:
கதவு திறந்திருந்தது.

பாதி முட்டையை உப்புத் தொட்டுத் தின்றேன்.
மறுபாதி தட்டில் இருக்கிறது,
வளையம் மேலே தெரிய.
வெண்டல் ஒன்பது மணிக்குத்
தீவனம் போட வருவான்.