ஒரு சாண் குறைவு

ஹெல்தெர்மா துறையில் கடைசிப் படகு
எங்கள் அடுப்பை இறக்கிவிட்டுப் போனது.
நூற்று நாற்பது கிலோ வார்ப்பிரும்பு.
நான்கு பேர் தூக்கினோம்.
ஐந்தாவதாக வந்த பக்கத்து வீட்டு எண்டெல்
தூக்காமல் யோசனை மட்டும் சொன்னார்.

தார்வி கையேட்டைப் படித்தான், பாதிவரை.
தரையில் எஃகுத் தகடு விரித்தான்.
பொறி தெறித்து விழ முன்னால் இடம் விட்டான்.
அடுப்புக்கும் பின்சுவருக்கும் இடையே
நாற்பது சென்டிமீட்டர் என்றது கையேடு.
அறை சின்னது. சோபா பெரியது.
இருபது விட்டான்.
"ஒரு சாண்தானே குறைகிறது" என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சோபாவைத் தேர்ந்தெடுத்தது நான்.

மூன்று இரவு எரித்தோம்.
வெளியே கடல் ஓரத்திலிருந்து உறையத் தொடங்கியிருந்தது.
படுக்கையறைச் சுவர்
அப்போதுதான் எடுத்த ரொட்டிபோல் கதகதப்பு.
தலைமாட்டை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டதும் நான்தான்.
நன்றாகத் தூங்கினோம். அதையும் சொல்லியாக வேண்டும்.

நான்காம் நாள்
புகைபோக்கி துடைக்கும் ஹில்யா வந்தார்.
பெயருக்கு 'மெல்ல' என்று அர்த்தம்,
காலடியோ கூரை முழுக்க இடித்தது.
கறுப்புச் சட்டை, பித்தளைப் பொத்தான்கள்.
அந்தப் பொத்தானைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பார்கள் இங்கே.
தார்வி சிரித்துக்கொண்டே கை நீட்டினான்.
"முதலில் சுவரைத் தொடு" என்றார்.

தொட்டான்.
சிரிப்பை எடுத்துக்கொண்டான்.

நாடா வைத்து அளந்தார்.
எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார்.
பிறகு விரல் மடக்கிச் சுவரைத் தட்டிக்கொண்டே போனார்,
கிணற்றுக்கு நீர் பார்ப்பவர்போல.
ஓரிடத்தில் ஒலி மாறியது.
உளி வைத்தார்.

மேலே எங்கள் சாம்பல் நிறக் காகிதம்.
அடியில் யாரோ ஆசைப்பட்ட நீலப் பூக்கள்.
அதற்கும் அடியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டின் செய்தித்தாள்:
மீன்பிடிக் கூட்டுப்பண்ணை இலக்கைத் தாண்டிவிட்டதாம்.
அதற்குப் பின்னால் உத்தரம்,
நுனி புகைபோக்கிக்குள்ளேயே செருகியிருந்தது.
ஒரு முழம் கரி.

யாரும் பேசவில்லை.
எண்டெல்கூட.

"இது உங்கள் வேலை இல்லை" என்றார் ஹில்யா.
"பழசு. யாரோ பார்த்திருக்கிறார்கள்.
பார்த்துவிட்டுப் பூக்காகிதம் ஒட்டியிருக்கிறார்கள்.
மரம் கரியாகச் சுடர் தேவையில்லை,
சூடும் நாளும் போதும்.
நீங்கள் மூன்று நாள் கொடுத்திருக்கிறீர்கள்."

அன்றிரவு கட்டிலைத் திருப்பிப் போட்டோம்.
குளிர். இரண்டு கம்பளிக்குள் கிடந்து
காகிதம் ஒட்டிய அந்தக் கையை நினைத்தேன்.
ஓரங்களில் பூக்கள் பிசகாமல் பொருந்தியிருந்தன.
இதழோடு இதழ், காம்போடு காம்பு.
மிகவும் கவனமான ஆள்.

உத்தரத்தை அறுத்து எடுத்தார்கள்.
அந்த இடத்தில் செங்கல். குழாயும் புதிது,
அது கூரையைத் துளைக்கும் இடத்தைச் சுற்றிப் பாறைக்கம்பளி.
கட்டிலுக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டி,
வாசனையே இல்லாத நஞ்சை எங்களுக்காக முகர்ந்துகொண்டிருக்க.
சாம்பலுக்கு மூடிபோட்ட இரும்பு வாளி.
சோபா எண்டெல் வீட்டுக்குப் போனது.
அதையும் அவர் தூக்கவில்லை.

ஹில்யா மறுபடி வந்தார். அளந்தார்.
இந்த முறை எண்ணை உரக்கச் சொன்னார்.
கையெழுத்திட்டுவிட்டு,
"முதல் தீ சின்னதாக இருக்கட்டும்.
குழாயின் வண்ணம் சுட்டு நாறும்,
ஜன்னல்களைத் திறந்துவையுங்கள்" என்றார்.

மைனஸ் பன்னிரண்டு.
எல்லா ஜன்னல்களும் திறந்து கிடக்க
கோட்டும் குல்லாயும் கையுறையுமாக
எரியும் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தோம்,
பால்டிக் கடலுக்குக் குளிர்காய இடம் கொடுத்தவர்களாக.

ஒரு மணி நேரம் கழித்துத் தார்வி எழுந்தான்.
கையுறையைக் கழற்றிவிட்டு
அடுப்புக்குப் பின்னால் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தான்.
வைத்தபடியே நின்றான்.

"சில்லென்று இருக்கிறது" என்றான்,
எதையோ ஜெயித்துவிட்டவன்போல.