இன்னும் ஒரு பல் பின்னால்

டன்டீயில் மழை பெய்வதில்லை.
கண்ணாடியில் வந்து ஒட்டும், அவ்வளவுதான்.
வைப்பரைப் போட்டுவிட்டு
இருக்கைக்கு அடியிலுள்ள கம்பியை இழுக்கிறேன்.
டக்.
ஒரு பல் பின்னால்.

ஜனவரியில் ஐந்தாம் பல்லில் இருந்தேன்.
இப்போது ஏப்ரல், எட்டு.
ஸ்டியரிங்குக்கும் எனக்கும் நடுவே
இரண்டு விரல் காற்று.
அதைத்தான் சிக்கனமாகச்
செலவழித்துக்கொண்டிருக்கிறேன்.

பையில் பாரம் மடிந்து கிடக்கிறது.
பெயர்: எய்லி கின்மண்ட்.
குழந்தை பிறக்கும் நாள்: ஜூன் பத்தொன்பது, உத்தேசம்.
விடுப்புக்கு முன்பு சொன்ன தேதி: ஜூன் பன்னிரண்டு.
மாற்றிய தேதி:
இந்தக் கட்டத்தில்
பென்சிலால் எழுதி எழுதி அழித்ததில்
தாள் மெலிந்து
மறுபக்கம் தெரிகிறது.
மாற்றுவதென்றால் இருபத்தெட்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டுமாம்.
உடம்பு எனக்கு
இருபத்தெட்டு நிமிடம்கூட முன்னதாக
எதையும் சொன்னதில்லை.

கணக்கென்னவோ எளிது.
முன்னால் ஒரு வாரம் எடுத்தால்
பின்னால் ஒரு வாரம் போச்சு.
வீங்கிய காலைத் தலையணைமேல் தூக்கிவைத்து
நான் சும்மா கிடக்கும் வாரம்தான்
அடுத்த வருடம் அது
நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்கும் வாரம்.
காப்பகத்தில் யாரோ கைதட்டுவார்கள்.
நான் லாக்கீ சாலையில்
பச்சை விளக்குக்காகக் காத்திருப்பேன்.

ரோனா முப்பத்தொன்பதாம் வாரம்வரை ஓட்டினாள்.
பனிக்குடம் உடைந்தது டிப்போ கேன்டீனில்,
சீஸ் ரொட்டி வரிசையில்.
ரொட்டியை வாங்கிக்கொண்டுதான் ஆம்புலன்ஸில் ஏறினேன் என்பாள்
இன்றைக்கும், பெருமையாக.
ஃபிரேசர் இரவு முழுக்க அடுப்படியில் மாவு பிசைபவன்,
விடிந்து வந்து தூங்கப்போகுமுன் சொல்வான்,
"உன் இஷ்டம்."
தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்
அந்த இரண்டு சொல்லின் கனம்.
மேலாளர் டூகிட்
என் கண்ணை மட்டுமே பார்த்துப் பேசுவார்,
கழுத்துக்குக் கீழே
பார்வை வழுக்கிவிடாதபடி மிகுந்த ஜாக்கிரதையாக.

செவ்வாய்க்கிழமை. மருத்துவமனை நிறுத்தம்.
நினைத்த இடத்தில் நிற்கவில்லை பஸ்.
ஒரு முழம் தள்ளி நின்றது.
குனிய முடியாததால் கண்ணால் பார்க்கவில்லை,
ஆனால் தெரிந்தது:
ஷூவின் நுனி மட்டும் பிரேக்கில்,
குதிகால் அந்தரத்தில்.

யாரும் கவனிக்கவில்லை.
இந்த ஊரில் இறங்குகிறவர்கள் நன்றி சொல்லாமல் இறங்குவதில்லை.
நடைச்சட்டம் தள்ளிய பெண்மணி.
காதுக்குள் பாட்டு இரையும் பையன்.
செய்தித்தாளில் சுற்றிய டுலிப் பூக்களோடு ஒருவர்,
பூவுக்கு அடிபடாமல் பக்கவாட்டில் நடந்து.
நன்றி, டிரைவர்.
நன்றி, கண்ணு.
பதினான்கு பேர்.
ஒவ்வொரு நன்றியும்
ஒரு முழம் நீளம் இருந்தது.

முன்னே நகர்ந்தால் வயிறு இடிக்கிறது.
பின்னே நகர்ந்தால் கால் எட்டவில்லை.
நடுவில் பல் இல்லை.
வானொலியை எடுத்து
வேறு ஆள் அனுப்புங்கள் என்றேன்.
என் குரல்போலவே இருந்தது.

டூகிட் அன்றுதான் முதல்முறையாக
வயிற்றைப் பார்த்தார்.
உட்காருங்கள் என்றார், அதனிடம்.

பேனாவால் எழுதினேன்: மே பதினெட்டு.
நான்கரை வாரம்.
பின்னால் நான்கரை வாரம் இல்லை.
அழுதேனா என்றால், கொஞ்சம்.
சீஸ் ரொட்டி தீர்ந்துவிட்டது என்று
ரோனாவிடம் சொல்லிவைத்தேன்.

அதுவரை தொலைந்த பொருள் அறையில் வேலை.
குடைகள், ஒற்றைக் கையுறைகள்,
யாருடையதோ ஒரு பல்செட்.
எண் எழுதிச் சீட்டுக் கட்டுகிறேன்.
பல்லைத் தேடி
இன்னும் யாரும் வரவில்லை.

மாலையில் என் பஸ்ஸிலேயே வீடு திரும்புகிறேன்,
மூன்றாம் வரிசை, ஜன்னலோரம்.
ஸ்ட்ருவன் ஓட்டுகிறான், புதுப்பையன்.
லாக்கீ சாலை விளக்கு சிவந்த பிறகும்
யோசிக்கிறான்.
என் வலதுகால் தரையை மிதிக்கிறது.
உள்ளிருந்தும் ஒரு கால்.

மூன்று பேருமாகச் சேர்ந்து
நிறுத்துகிறோம் அந்த பஸ்ஸை.